பேய் கேட்டு வாங்கிய அந்தி நேரம்

தம்பி,

இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்றுதான் ஒவ்வொரு கடிதத்தையும் தொடங்குவேன். இந்தத் தடவை அப்படித் தொடங்கப் போவதில்லை. சுகமா என்று கேட்டால் நீ சுகம் என்றுதான் எழுதுவாய். பொய் எழுத உனக்கு நானே வழி செய்து தர மாட்டேன். தை மாதம் உனக்குக் கலியாணம். பந்தல், புடவை, யார் யாருக்குச் சொல்வது என்று எழுத வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. அதெல்லாம் உன் அப்பா எழுதுவார். நான் எழுதப் போவது வேறு, கொஞ்சம் நீளமாகவும் இருக்கும். நின்றுகொண்டு படிக்காதே. பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டே படிக்காதே. சோற்றுக்கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் படிக்காதே. உட்கார்ந்து படி. படித்த பிறகு உன் அறையில் இருக்கிற மற்ற வாத்தியார்மாருக்கும் படித்துக் காட்டு. அவர்களும் உன்னைப் போலத்தான் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை. ஒளித்து வைத்ததெல்லாம் போதும்.

தீபாவளிக்கு வந்தாயே, அன்றைக்கு விடியற்காலையில் உன்னை உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் வைத்தேன். கையோடு முடி வந்தது. இந்த வயதில் இப்படிக் கொட்டுமா என்று நினைத்தேன், நல்ல நாளில் வாயைத் திறக்கவில்லை. "வெரசா ஊத்தும்மா, ஆளுங்க வந்துருவாங்க" என்றாய். தீபாவளி அன்றைக்கு எந்த ஆள் வருவான் என்று சிரித்தேன். வந்தார்கள். மாஸ்டர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பிரஜாவுரிமைக் காகிதங்களைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வாசலில் நின்றார்கள். ஈரத்தலையைத் துவட்டாமல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாய். பலகாரத்தைத் தொடவில்லை. எல்லாரும் போன பிறகு புதுச்சட்டையைப் போட்டாய். பொத்தானைத் துளைக்குள் விட்டாய், அது நழுவியது. மறுபடி விட்டாய், மறுபடி நழுவியது. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றாய். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "என்னாய்யா?" என்றேன். "எண்ணெ கண்ணுல பட்டுருச்சும்மா" என்றாய். விடியற்காலையில் வைத்த எண்ணெய் உச்சிவேளைக்கா கண்ணில் படும்? நான் பொத்தானைப் போட்டுவிட்டேன். மத்தியான பஸ்ஸுக்கு நீ போய்விட்டாய்.

போன சனிக்கிழமை நோர்வூட் கடைவீதியில் உன் கூட்டாளி செபஸ்தியான் மாஸ்டரைப் பார்த்தேன். லீவுக்கு அவர் வீட்டுக்கு வந்திருந்தார். உன்னைப் பற்றிக் கேட்டதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நம்ம மாஸ்டரு நுவரெலியா பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டே இருந்தாருங்கம்மா. உடப்புசல்லாவ பஸ்ஸு கண்ணுக்கு முன்னால வந்து நின்னுச்சு, போயிருச்சு. ஏறல. அடுத்த பஸ்ஸும் போயிருச்சு. நான்தான் கையப் புடிச்சு ஏத்துனேன். என்னா மாஸ்டர்னு கேட்டா, எங்க போகணும்னு மறந்துருச்சுன்னாருங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்காரர் நிறுத்துச் சுற்றித் தந்த கருவாட்டை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். அந்த இடம் எனக்குத் தெரியும், தம்பி. நீ பஸ்ஸுக்கு முன்னால் நின்ற மாதிரி நான் தேயிலைச் செடிக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அங்கேயிருந்து இன்னும் ஓரடி தள்ளி என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நீ அந்த அடியை வைக்கக் கூடாது. வைக்க விடமாட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் தங்கை பிறந்த வருஷத்துக் கதை இது. நீ அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாய். நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, நமக்கிருந்த ஓட்டுப் போய்விட்டது என்று ஆண்கள் நம் வரிசை வீட்டு லயத்து வாசலில் கூடிக் கூடிப் பேசிய காலம். காதுகொடுத்துக் கேட்க எனக்கு நேரமில்லை. வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுக்குத் தப்படிக்கும் முன்னால் எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, உனக்கும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கட்டி வைத்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் விட்டு, அங்கேயிருந்து மலைக்கு ஏறுவேன். மத்தியானம் கொழுந்து நிறுக்க இறங்கி, பிள்ளைக்குப் பால் கொடுத்து, மறுபடி ஏற்றம். அந்திக்கு வரும்போது தலையில் விறகு. விறகைப் போட்டால் தண்ணீர், தண்ணீர் வந்தால் அடுப்பு, அடுப்பு அணைந்தால் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமையாவது மூச்சு விடலாம் என்றால், அன்றைக்குப் பறிக்கிற கொழுந்துக்கு அன்றைக்கே காசு என்று கைக்காசுக்குக் கூப்பிடுவார்கள். "வீட்டுல சும்மாதான இருக்கப் போற, போயிட்டு வா புள்ள" என்பார் உன் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. கவ்வாத்துக் கத்தியோடு நாளெல்லாம் குனிந்து கிடந்தவர்தான் அவரும். ஆனால் வேலை முடிந்து வந்தால் அவர் உட்காருவார். நான் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால், அது தளிர்த்து நிமிரும் வரைக்கும் ஒருத்தியும் அதில் கை வைக்கக் கூடாது என்பது தொரையின் உத்தரவு. எனக்குப் பிள்ளை பெற்ற உடம்புக்குச் சில வாரம் கொடுத்தார்கள். மனசுக்கு ஒரு நாளும் கொடுக்கவில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கே தெரியாது. முதலில் தூக்கம் போனது. உடம்பு அடித்துப் போட்டது போலக் கிடக்கும், கண் மூடாது. பிறகு ருசி போனது. பிறகு, இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் போகிறேன், பிள்ளையின் மேல் இருந்த பிடிப்பும் போனது. அது அழுவது காதில் விழும். பக்கத்து லயத்தில் யாரோ பிள்ளை அழுகிற மாதிரி இருக்கும். பால் கொடுப்பேன், துடைப்பேன், கிடத்துவேன். நீ பள்ளிக்கூடத்துப் பாட்டைப் பாடிக் காட்டுவாய், நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன், ஒரு சொல்லும் உள்ளே போகாது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் என்னவென்று சொல்வது? வலி இருந்தால் வலி என்று சொல்லலாம், காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று சொல்லலாம்.

ஒருநாள் மேல்மலையில் செடிக்குள் விட்ட கை அப்படியே நின்றுவிட்டது. கொழுந்து தெரிகிறது, பறிக்க வேண்டும் என்று தெரிகிறது, விரல் அசையவில்லை. கங்காணி கீழேயிருந்து கத்தினார். "ஏ புள்ள, கையி என்னா பூத்துப் போச்சா? அவங்கவங்க நெரைய முடிச்சுட்டு எல்லாரும் எறங்குறாங்க, நீ குத்துக்கல்லாட்டம் நிக்கிற!" கேட்டது. திரும்பத் தோன்றவில்லை. கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்த இடம் முனியாண்டிக் கல்லுக்குப் பக்கம். போதாதா? அந்தி சாய்வதற்குள் தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது, அவளை முனி அடித்துவிட்டது என்று. ஒருத்தி நான் பல்லைக் கடித்ததைப் பார்த்தாளாம். இன்னொருத்தி என் கண் சிவந்ததைப் பார்த்தாளாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மருந்துக்காரையா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஒடம்புல ஒண்ணுமில்ல" என்று ஒரு போத்தல் மருந்து தந்தார். உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் வேறென்ன? முனிதான். உன் அப்பா பொகவந்தலாவைப் பக்கம் போய் பேயோட்டுகிற ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். உச்சி நேரம். லயத்து வாசலில் என்னை உட்கார வைத்து, உடுக்கை அடித்து, முகத்தில் திருநீற்றை ஊதினார் கோடாங்கி. கூட்டம் வாசல் கொள்ளவில்லை, சேவலும் சாராயமும் தயாராக இருந்தன. வேப்பிலையால் தோளில் இரண்டு போட்டு, "யாரு நீ? சொல்லு! ஒனக்கு என்னா வேணும்? சேவலு வேணுமா? சாராயம் வேணுமா?" என்று கேட்டார். நான் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. வாய் திறந்தது.

"ஒண்ணும் வேணாம். ஒக்காரணும்."

உடுக்கை நின்றுவிட்டது. "என்னாது?"

"ஒக்காரணும். அந்தியானா ஒக்காரணும். யாரும் கூப்புடக் கூடாது, ஒரு வேலையும் சொல்லக் கூடாது. ஒரு கோப்ப தேயிலச் சாயத்தண்ணி வேணும். வேற ஆளு ஊத்திக் குடுக்கணும்."

எத்தனையோ பேயை ஓட்டியவர் அந்த மனுசன். இவ்வளவு மலிவான பேயைப் பார்த்திருக்க மாட்டார். கூட்டத்தை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார். "எம்மாம் நேரம் ஒக்காருவ?" என்று சந்தேகத்தோடு கேட்டார். "தேயில ஸ்டோர்ல சங்கு ஊதுற வரைக்கும்" என்றேன். "எங்க?" "தண்ணிப் பீலிக்கு மேல இருக்க கல்லுல." கோடாங்கி உன் அப்பாவிடம் திரும்பி, "துஷ்டப் பேயி இல்லப்பா, களைச்ச பேயி. கேட்டதக் குடுத்துருங்க. குடுக்காட்டி வீட்டோட தங்கிரும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சேவலை விடாமல் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

அப்போது நடித்தாயா அம்மா என்று நீ கேட்பாய். நானும் இத்தனை வருஷம் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். நடிக்கவில்லை, தம்பி. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து உனக்கு என்ன வேண்டும் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. முதல்முதலாகக் கேட்டவர் அந்தக் கோடாங்கி. அவரும் என்னைக் கேட்கவில்லை, என்னைப் பிடித்த பேயைத்தான் கேட்டார். யாரைக் கேட்டால் என்ன, கேள்வி காதில் விழுந்ததும் உள்ளேயிருந்த பதில் தானாக வெளியே வந்துவிட்டது. நான் அதற்கு வெட்கப்படவில்லை. இன்னொருதரம் அந்த வாசலில் உட்கார வைத்தாலும் அதையேதான் கேட்பேன். சாயத்தண்ணிக்கு ஒரு துண்டு சக்கரையும் சேர்த்துக் கேட்பேன்.

மறுநாளே அது தொடங்கியது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் விறகைப் போட்டுவிட்டு நேராகப் பீலிக்கு மேலே இருக்கிற கல்லுக்குப் போவேன். உன் அப்பா கோப்பையைக் கொண்டு வந்து, கிட்டே வராமல் எட்டிக் கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். சித்தப்பா தண்ணீர் பிடித்தார். அடுப்பில் உன் அப்பாவே உலை வைத்தார், ஒரு மாதம் கருகிய சோறு தின்றீர்கள், ஒருவரும் செத்துப் போகவில்லை. முதல் நாட்களில் நான் அந்தக் கல்லில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். பிறகு அழுதேன், காரணம் தேடாமல் அழுதேன். அதற்கும் பிறகு ஒருநாள் பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அது எப்போதும் விழுந்துகொண்டுதான் இருந்தது, எனக்குக் கேட்டது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து உன் தங்கையைத் தூக்கினேன். அவள் மேல் பால் வாசம் அடித்தது. மோந்து மோந்து பார்த்தேன். என் பிள்ளை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மருந்துப் போத்தல் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

பக்கத்துக் காம்பரா மாரியாயி ஒருநாள் பீலியில் குடத்தை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அந்தப் பேயி எந்தப் பக்கமா ஒங்களப் புடிச்சிச்சு? நானும் ரெண்டு நாளா முனியாண்டிக் கல்லுகிட்டதான் போயி நிக்கிறேன், எட்டிப் பாக்க மாட்டேங்குது." எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பேய்க்குத் துணை வேண்டுமாம், மாரியாயிதான் வேண்டுமாம் என்று. அவள் புருசன் மறுபேச்சுப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு ஊரே மலை ஏறும்போது நாங்கள் இரண்டு பேரும் கல்லில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேன் பார்த்துக்கொள்வோம். அந்தக் காசு இல்லாமல் குடும்பம் முழுகிவிடவில்லை.

இதெல்லாம் நல்லதுதானே, பிறகு ஏன் புலம்புகிறாய் என்கிறாயா? இனிமேல்தான் விஷயம். நீ சின்னப் பிள்ளையாக அந்தக் கல்லுக்குக் கீழே நின்று என்னைப் பார்ப்பாய். "தம்பி, வாய்யா" என்று கூப்பிட்டால் ஓடிவிடுவாய். அம்மா அங்கே இருக்கும்போது அம்மா இல்லை, அது பேய் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு பொழுதுதான். நான் நானாக இருந்ததும் அந்த ஒரு பொழுதுதான். அந்த நேரத்தில்தான் என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்தான். இன்று வரைக்கும் தொடர்கிற அந்த நேரம் எனக்குக் கிடைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அது பேய்க்குக் கிடைத்தது. அதன் பெயரில் நான் போய் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

செபஸ்தியான் மாஸ்டர் சொன்னதைக் கேட்டு வந்த அன்றைக்கு உன் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "இந்தாங்க, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கி என்னயப் புடிச்சது பேயி இல்ல. நான்தான் பேசுனது. எனக்குத்தான் ஒக்கார வேண்டியிருந்துச்சு" என்றேன். அவர் எழுந்து போய்த் திருநீற்றை எடுத்து வந்து என் நெற்றியில் பூசினார். "அதுதான் இப்புடிப் பேச வைக்குது. போகுற மாதிரி போக்குக் காட்டும்னு கோடாங்கி அப்பவே சொன்னாரு. நீ ஒண்ணுக்கும் பயப்புடாத புள்ள" என்றார். அன்றைய சாயத்தண்ணியில் சக்கரை கூடுதலாக இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! பேய் சொன்னதை ஒரே வாய்ப்பேச்சில் நம்பிய மனுசன், கட்டின பெண்சாதி சொல்வதை நம்ப மாட்டேன் என்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பேயின் வாயால் கேட்டு வாங்கியது பேய்க்குத்தானே சொந்தம்.

அதனால்தான் சொல்கிறேன், தம்பி. உன்னுடைய நேரத்தை உன் வாயால், உன் பெயரில் கேள். தலைவலி என்று சாக்குச் சொல்லாதே. இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று கெஞ்சாதே. கீழே விழுந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால் ஓய்வு தானாக வரும் என்று மனசுக்குள் ஓர் ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது, அதனால் தெரியும். அந்த ஆசையைத் துரத்து. பகலில் பள்ளிக்கூடம், அந்திக்குப் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு, அதற்குப் பிறகு காகிதம், ஞாயிற்றுக்கிழமை சங்கம் என்று உன்னை நாலு பக்கமும் இழுக்கிறார்கள். எல்லாம் நல்ல காரியம்தான், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? உன் அப்பாவின் காகிதத்தையும் நீதானே எழுதினாய். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு எழுத்து வகுப்புத் தொடங்குவதற்கு நடுவில் இருக்கிற பொழுது உன்னுடையது. கதவைச் சாத்து. வாசலில் நிற்கிறவர்களிடம், "நான் இப்ப ஒக்காந்திருக்கேன், பொறவு வாங்க" என்று சொல். வேலையாக இருக்கிறேன் என்று சொல்லாதே. உட்கார்ந்திருக்கிறேன் என்றே சொல்.

அவர்கள் காத்திருப்பார்களா என்று நினைப்பாய். எத்தனை அரசாங்கக் கச்சேரி வாசலில், எத்தனை ஐயாமார் மேசைக்கு முன்னால் காத்துக் கிடந்த சனம் நாங்கள்! எங்களுக்கென்று எழுதுகிற ஒரு பிள்ளை ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரை காத்திருக்க மாட்டோமா? நீ சொன்னால் காத்திருப்போம். சொல்லாவிட்டால் உன் தலைமேலேயே ஏறி உட்காருவோம், அதுவும் உண்மை. இன்னொன்று. உன் எழுத்து வகுப்பில் படிக்கிறவர்களில் நன்றாக எழுத வந்துவிட்ட ஆள் ஒருவராவது இருப்பார் அல்லவா? அவருக்குக் காகிதம் நிரப்பக் கற்றுக் கொடு. தப்பாகிவிடும் என்று பயப்படாதே, பக்கத்தில் இருந்து பார். எல்லாவற்றையும் நானே செய்தால்தான் சரியாக இருக்கும் என்ற நினைப்பு என்னிடமிருந்து உனக்கு வந்த நோய். கருகிய சோற்றை ஒரு மாதம் தின்றுதான் உன் அப்பா சமைக்கப் பழகினார். இன்றைக்கு அவர் வைக்கிற பருப்பு என்னுடையதைவிட நன்றாயிருக்கிறது.

உட்கார்ந்து என்ன செய்வது என்று கேட்காதே. ஒன்றும் செய்யாதே. தூக்கம் வந்தால் தூங்கு, அழுகை வந்தால் அழு, எண்ணெய் மேல் பழி போடாதே. அப்படியும் பஸ் கண்ணுக்கு முன்னால் நின்று போவது நிற்கவில்லையென்றால், லீவு போட்டுவிட்டு இங்கே வா. நுவரெலியாவில் பெரிய டொக்டரிடம் நானே உன்னைக் கூட்டிப் போகிறேன். உடம்பில் ஒன்றும் இல்லை என்று போத்தலை நீட்டினால் எழுந்து வரமாட்டேன். மனசில் இருக்கிறது, அதைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன். உட்காருவதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம்.

நீ கட்டப் போகிற பவளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொகவந்தலாவையில் போன மாதம் அவளைப் பார்த்தபோது மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்தவள், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் எனக்குத் தேத்தண்ணி ஊற்ற ஓடினாள். பிடித்து உட்கார வைத்தேன், நெளிந்தாள். எனக்கு அந்த நெளிவு தெரியும். தாலி கட்டி அவளைக் கூட்டிப் போன முதல் வாரத்திலேயே, "ஒனக்கு என்னா வேணும்?" என்று அவளிடம் கேள். "ஒண்ணும் வேணாங்க" என்பாள். நம்பாதே. மறுபடி கேள். அவள் பதில் கண்டுபிடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இரு. அவளுக்கான பொழுதை அவள் பெயரிலேயே கொடு. தேத்தண்ணியை நீ ஊற்றிக் கொடு. கொடுத்துவிட்டு எட்டிப் போகாதே, அவள் விரும்பினால் பக்கத்தில் உட்கார். என் மருமகள் ஒரு கோடாங்கி வந்து கேட்கும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அப்படி ஒரு நாள் வந்ததென்று கேள்விப்பட்டால், முதல் பஸ்ஸில் ஏறி வந்து உன் வாசலில் நான் ஆடுகிற ஆட்டத்துக்கு எந்த உடுக்கையும் வேண்டியிருக்காது.

உனக்குச் சொல்வதை நான் செய்யாமல் இருந்தால் நன்றாயிருக்குமா? அதனால் நேற்று அந்திக்கு நான் கல்லுக்குப் போகவில்லை. லயத்து வாசலில், போகிற வருகிற எல்லாரும் பார்க்கும்படி ஒரு சாக்கை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்தேன். கங்காணி போனார், ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னா, மேலுக்குச் சரியில்லையா?" என்று மாரியாயி கேட்டாள். "நல்லாத்தான் இருக்கேன். ஒக்காந்திருக்கேன்" என்றேன். உன் அப்பா வழக்கம்போலக் கோப்பையோடு பின்பக்கமாகக் கல்லுக்குப் போனார். அங்கே ஆளில்லை. பேயைக் காணோம் என்று மனுசன் பதறிப்போய் லயத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. கையிலே கோப்பை, தண்ணி பாதி கொட்டிப் போயிருந்தது.

"யாருக்குங்க கொண்டாந்தீங்க?" என்று கேட்டேன்.

பீலிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். ஸ்டோரில் சங்கு ஊதியது, வழக்கமாக நான் எழுந்திருக்கிற நேரம். நான் எழுந்திருக்கவில்லை. அவர் கிட்டே வந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கோப்பையைக் கீழே வைக்காமல் என் கையில் கொடுத்தார். "ஒனக்குத்தான் புள்ள" என்றார். பிறகு சாக்கின் மறு ஓரத்தில் அவரும் உட்கார்ந்தார். ஆறிப்போன தண்ணிதான். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

இந்தக் கடிதத்துக்கு நீ நீளமாகப் பதில் எழுத வேண்டாம், நலம் என்றும் எழுத வேண்டாம். எந்த நேரத்தில் உட்காரப் போகிறாய் என்று மட்டும் எழுது. அந்த நேரத்துக்கு நானும் இங்கே வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா